பங்குனியில் என்ன பார்ப்பது?

(தென்சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், பங்குனி முதல் ஞாயிறு மாலை ஆற்றிய உரை)



அழைப்பிதழில் 'இளவேனிலை வரவேற்போம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். தலைக்கு மேலே மின்விசிறிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. முன்வரிசையில் இருக்கும் ஐயா அந்த அழைப்பிதழாலேயே விசிறிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே நான் சொல்ல வந்ததில் பாதி முடிந்துவிட்டது. நம் ஊரில் இளவேனில் வெயிலைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். நாம் வெயிலைத் திட்டுகிற மும்முரத்தில் கூட வந்தவரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

வசந்தம் என்றதும் நம் மனத்தில் ஓடுகிற படம் என்ன? பனி உருகுகிறது, புல் முளைக்கிறது, மலைச்சரிவு முழுக்கப் பூ. பள்ளிக்கூட ஆங்கிலப் பாடமும், டூயட் எடுக்கக் காஷ்மீர் போன கேமராக்களும் சேர்ந்து நமக்குக் கொடுத்த படம் அது. அந்த ஊர்களுக்கு அது உண்மை. அங்கே மரம் குளிரில் முடங்கிக் கிடக்கிறது, சூடு வந்ததும் எழுந்துகொள்கிறது. நம் மரங்களுக்குக் குளிர் ஒரு பொருட்டே கிடையாது. இங்கே தண்ணீர்தான் கணக்கு. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு மூட்டை கட்டிவிடுகிறது. அடுத்த நல்ல மழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, மாசிக் கடைசியிலும் பங்குனியிலும், மண் காய்ந்து வெடிக்கிற நேரம் பார்த்து, தெருவில் நிற்கிற மரமெல்லாம் துளிர்க்கிறது. இது ஒரு வினோதம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேசப்போகிறேன்.

அதற்கு முன் நாட்காட்டிச் சிக்கல் ஒன்றைத் தீர்த்துவிடலாம். யாராவது கேட்பீர்கள்: ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்தானே, இளவேனில் சித்திரையில்தானே தொடங்குகிறது என்று. கேள்வி நியாயமானது. நம் மாதங்கள் விண்மீன்களைப் பின்னணியாக வைத்துச் சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றன. பருவமோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தது. அந்த அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று மெல்லச் சுழல்கிறது. அதனால் இரண்டு கணக்கும் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் நாளும், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இப்போது சம இரவு நாள் மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது, சித்திரை ஏப்ரல் 14-ல் பிறக்கிறது. இடையே 25 நாள். அந்தக் காலத்து மனிதர் சித்திரை பிறந்ததும் வாசலில் பார்த்த வானமும் வெயிலும் இப்போது பங்குனி முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. ஆகவே அழைப்பிதழ் சரிதான். பஞ்சாங்கம்தான் தாமதம்.

சரி, மரத்துக்கு வருவோம். வெகுதூரம் போக வேண்டாம். இந்த நூலகத்தை விட்டு வெளியே போனால் வாசலுக்கு எதிரே ஒரு புங்க மரம் இருக்கிறது. பலர் அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். மூன்று வாரம் முன்பு வந்திருந்தால் அங்கே நிழல் இருந்திருக்காது. மரம் பழைய இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றிருக்கும். இன்று பாருங்கள், கிளை தெரியாமல் இலை. நம் தெரு மரங்களில் இவ்வளவு வேகமாக உடை மாற்றுபவை குறைவு. ஒரு பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் முழு நாடகத்தையும் கோட்டைவிட்டிருப்பீர்கள்.

திரும்பிப் போகும்போது தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்து அந்த இலையை விரலால் தடவிப் பாருங்கள். பறிக்க வேண்டாம். மேல்புறம் எண்ணெய் பூசியது மாதிரி மினுக்கம் இருக்கும். நுனியில் இருக்கும் கடைசிக் கொழுந்து பச்சையாக இருக்காது. இளஞ்சிவப்பாக, துவண்டு, தலைகீழாகத் தொங்கும். அதற்கு அடுத்தது மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. அதற்கும் கீழே இருப்பதுதான் நாம் பச்சை என்று சொல்லும் பச்சை. ஒரே கொப்பில் இலையின் முதல் பத்து நாளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். சிவப்பு ஏன் என்றால், கொழுந்து இலையில் பச்சையம் இன்னும் முழுதாகச் சேரவில்லை. அந்தோசயனின் என்ற நிறமிதான் மேலோங்கி இருக்கிறது. அரச மரத்துத் தளிர் செம்பு நிறத்தில் பளபளப்பதற்கும், வேம்பின் கொழுந்து கருஞ்சிவப்பாக இருப்பதற்கும், மாந்தளிர் நிறம் என்று புடவைக் கடையில் நாம் கேட்டு வாங்குவதற்கும் காரணம் இதேதான்.

இன்னொரு வேலையும் சொல்கிறேன். இதே மரத்துக்கு ஆடி மாதம் திரும்பி வாருங்கள். இதே இலைகளில் விரல் விரலாக, பரு பருவாக முடிச்சுகள் கிளம்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் இலைக்குள் கட்டிக்கொள்ளும் வீடு அது. சில இலைகளில் வெள்ளைக் கோலம் போட்டது போல் கோடு ஓடும். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு புழு தின்றுகொண்டே நடந்த பாதை அது. ஓட்டையில்லாத இலை தேடினாலும் கிடைப்பது அபூர்வம். இப்போதிருக்கும் அந்தக் குற்றமில்லாத பளபளப்புக்கு ஆயுள் சில வாரம்தான்.

வறட்சியில் துளிர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. முதுமலைக் காட்டில் கே.எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் இதை ஆராய்ந்து 1993-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மழைக்கு முன்பே துளிர்விடும் மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகத் தின்கின்றன, மழைக்குப் பின் துளிர்ப்பவற்றுக்குச் சேதம் அதிகம் என்பது அவர்கள் கண்டது. மழை வந்தால் பூச்சி பெருகும். அதற்குள் இலை முற்றித் தடித்துவிட்டால் மரம் தப்பித்தது. தண்ணீருக்கு என்ன செய்கிறது? ஆழ வேர் ஒரு வழி. இன்னொரு வழி இன்னும் சாமர்த்தியமானது. பழைய இலைகளை உதிர்த்ததும் ஆவியாகிப் போகும் நீர் நின்றுவிடுகிறது. தண்டில் ஈரம் மறுபடி ஏறுகிறது. அந்த ஈரத்தை முதலாகப் போட்டுத்தான் புது இலை வருகிறது. ஆக இலையுதிர் காலமும் வசந்தமும் ஆறு மாத இடைவெளியில் வருவது வேறு நாட்டுக் கதை. நம் தெருவில் இரண்டும் ஒரே பதினைந்து நாளுக்குள் நடந்து முடிகிறது.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மரத்தை வெட்டச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவதும் சரியாக இந்தப் பதினைந்து நாளில்தான். "ஒரே குப்பை சார், பெருக்கி முடியல" என்பார்கள். இரண்டு வாரக் குப்பைக்குப் பத்து மாத நிழலைக் கழிப்பார்கள். பிறகு ஏ.சி. வாங்கத் தவணைத் திட்டம் விசாரிப்பார்கள். புங்கம்பூவும் அடுத்து உதிரப்போகிறது. தரை தெரியாமல் கிடக்கும் அந்தப் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். கார் கண்ணாடியில் ஒட்டுகிறது என்கிறோம் நாம்.

மாமரம் பற்றி ஒரே ஒரு செய்தி. பூத்திருக்கும் மாமரத்தடியில் நின்றால் ஒரு புளிப்பு கலந்த வாசனை வரும். அண்ணாந்து பூங்கொத்தை உற்றுப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியைத் தேடினால் ஏமாறுவீர்கள். மொய்ப்பதில் பெரும்பகுதி ஈ. நாம் விரட்டுகிற அதே இனம்தான். மாங்காய் நமக்கு ஈயின் தயவில் கிடைக்கிறது. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ, காயாகி நிற்பது ஒன்றிரண்டு. மயிலாப்பூர் மாட வீதியில் இப்போது கூடையில் வந்திருக்கும் மாவடுவைப் படியால் அளந்து வாங்கும்போது, அது எத்தனை ஈயின் உழைப்பு என்று கடைக்காரம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பறவைகள். இங்கே பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பறவை பார்ப்பது என்றால் பைனாகுலர் வேண்டும், பெரிய லென்ஸ் வேண்டும், காக்கி நிறத்தில் நிறையப் பை வைத்த சட்டை வேண்டும் என்று. அந்தச் சட்டையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, அவர் ஒரு பறவையையும் சிநேகிதமாக்கியிருக்க மாட்டார். பைனாகுலர் இருந்தால் நல்லது, வாங்க முடிந்தால் 8x42 என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டாலும் பங்குனியில் நஷ்டமில்லை. இந்த மாதத்துக்குக் காதே போதும்.

குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குயில் நம் ஊரில்தான் இருக்கிறது. வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். மாசியில் தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல ஒன்றிரண்டு அரைக்குரல் கேட்கும். பங்குனியில் விடிகாலை நாலரைக்கே ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி மேலே ஏறும். ஏழெட்டுப் படி ஏறிச் சட்டென்று நிற்கும். பாடுவது கருப்பாகச் சிவந்த கண்ணோடு இருக்கும் ஆண். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அது பாடுவதில்லை, 'கிக்-கிக்-கிக்' என்று கத்திக்கொண்டு கிளைக்குக் கிளை பாயும். நம் பாட்டுகளில் குயிலென்று பாடகிகளைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. குயிலுக்கு ஆட்சேபம் இருக்காது.

குயில் ஏன் இந்த மாதத்தில் குரலெடுக்கிறது என்றால் காகம் கூடு கட்டத் தொடங்குகிறது. சென்னைக் காகத்தின் கூட்டை ஒருமுறை பார்த்து வையுங்கள். சுள்ளிக்கு நடுவே கட்டுக்கம்பி, துணி மாட்டும் ஹேங்கர், ஒயர் துண்டு. கட்டுமான வேலை நடக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் கூட்டில் பாதிக்குமேல் இரும்புதான். அதில் காகம் முட்டையிட்டதும் குயில் தன் முட்டையையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. குயில் முட்டை முதலில் பொரிந்துவிடும். அடுத்த சில வாரம் அந்த வாய்க்கு இரை கொண்டுவருவது காகத்தின் பாடு.

இரண்டாவது குரல், நடுப்பகலில் கேட்பது. 'டுக்... டுக்... டுக்...' என்று ஒரே சீராக, யாரோ எங்கோ செம்புப் பாத்திரம் தட்டுவது மாதிரி. மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து மாடிக்குப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டை மஞ்சள். ஆல், அரசு, அத்திப் பழம் இருக்கும் இடத்தில் இருக்கும். ஆனால் குரல் வரும் திசையைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூவும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறது. அதனால் குரல் இடம் மாறுவது போல நமக்குத் தோன்றுகிறது. அதோடு, அலகைத் திறப்பதே இல்லை. தொண்டை மட்டும் ஒவ்வொரு 'டுக்'குக்கும் பலூனாக உப்பி அடங்கும். மொட்டைக் கிளையின் உச்சியில் வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பார்த்தவர்கள் மறுபடி அந்தச் சத்தத்தை மோட்டார் என்று நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவதைப் பார்க்க உங்கள் பால்கனியே போதும். தேன்சிட்டு கூடு கட்டும் நாட்கள் இவை. கொடிக்கம்பி, கேபிள் ஒயர், வாசல் விளக்குக்குப் போகும் மின்கம்பி, எதில் வேண்டுமானாலும் தொங்கவிடும். கட்டுவது பெரும்பாலும் பெண். ஆண் கூடவே பறந்து மேற்பார்வை பார்க்கும். இதில் பேசப்படாத ஒரு கட்சி உண்டு, அது சிலந்தி. கூட்டின் நார், பஞ்சு, காய்ந்த பூ, மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டும் பசை சிலந்தி நூல்தான். நீங்கள் ஜன்னல் மூலையில் ஒட்டடை அடிக்காமல் விட்டிருந்தால் அங்கே அந்தரத்தில் சிறகடித்து நின்று, வளைந்த அலகு நுனியில் நூலைச் சுற்றிச் சுற்றி எடுப்பதைப் பார்க்கலாம். பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் வெயில் மழைக்குச் சின்னதாக ஒரு தாழ்வாரம். பங்குனியில் ஒட்டடை அடிக்காமலிருக்க இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது. வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

வருகிறவர்களைப் போலவே கிளம்புகிறவர்களையும் கவனியுங்கள். கிண்டியில் குளிர்காலம் முழுக்கத் தங்கிய தோட்டக்கள்ளன் கிளம்ப ஆயத்தமாகிறது. விடியலிலும் அந்தியிலும் தவறாமல் விசிலடிப்பதால் ஆறுமணிக் குருவி என்றும் சொல்வார்கள். குஞ்சு பொரிக்க அது மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகிறது. ரோஜா நிற உடம்பும் கருந்தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வந்த சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்புகின்றன. கூந்தன்குளத்தில் இருந்த வரித்தலை வாத்துகள் இமயத்தையே தாண்டியாக வேண்டும். நமக்கு வசந்தம் தொடங்கும்போது அவற்றுக்கு விடுமுறை முடிகிறது.

இந்த மாதிரி சமாசாரங்களைக் காட்டுக்கே போகாமல் எழுதிக்காட்டியவர் ஒருவர் இதே சென்னையில் இருந்தார். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைப் பற்றி அவர் அறிந்த அளவு அறிந்தவர்கள் குறைவு, ஆனால் அவர் அதே அக்கறையோடு அணில், காகம், பல்லி, தெரு மாடு எல்லாவற்றையும் எழுதினார். 1950-ல் தொடங்கி 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஒரே பத்தியை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். தமிழில் எழுதியவற்றைத் தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாக வந்திருக்கிறது. இந்த நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி நூலகருக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

கிருஷ்ணனிடம் நான் கற்றது திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவது. புதுப் பறவை, புது ஊர், இத்தனை வகை பார்த்தேன் என்ற பட்டியல், இதில் எனக்கு ஈடுபாடு குறைந்துகொண்டே வருகிறது. பட்டியல் போடுகிறவர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். போடட்டும், பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அவர்களால்தான் நடக்கின்றன, அதன் பயன் பெரிது. ஆனால் இன்றைக்குத்தான் முதன்முதலாக ஆர்வம் பிறக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பஸ் ஸ்டாப் மரம் உத்தமம், எப்படியும் தினம் நிற்கத்தான் போகிறீர்கள். மொட்டையா, கொழுந்தா, மொட்டா, பூவா, காயா என்று வாரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பால் கணக்கு எழுதும் நோட்டே போதும்.

அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். ஜப்பானில் கியோத்தோ நகரத்தில் செர்ரி எப்போது பூத்தது என்ற குறிப்பு ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. அரண்மனை நாட்குறிப்பில் யாரோ விருந்து வைத்ததைப் பற்றி எழுதும்போது பூவைப் பற்றியும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தியதால்தான் 2021-ல் மார்ச் 26 அன்று செர்ரி உச்சத்தில் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு முன்னதாகப் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ல் வசந்தத்தின் அடையாளங்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். காலநிலை மாற்றம் என்று யாரும் கேள்விப்படாத காலத்தில் பொழுதுபோக்காக எழுதியவை இன்று அறிவியலுக்குச் சாட்சியாக நிற்கின்றன. நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010-லிருந்து இதைச் செய்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு மரத்தைப் பதிவுசெய்து வாரம் ஒருமுறை நிலவரம் அனுப்பலாம். கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் இதில் நிறையப் பங்கெடுக்கிறார்கள். விஷுவுக்கு வைக்கும் கொன்றைப் பூ முன்கூட்டியே பூத்துவிடுகிறது என்று அங்கே வீட்டுக்கு வீடு பேச்சிருக்கிறது. அதைச் சரிபார்க்க இப்படிப்பட்ட குறிப்புகள்தான் வேண்டும்.

குழந்தைகள் என்றதும் ஒரு ஆதங்கம். மரம் துளிர்க்கிற, குயில் கூவுகிற, கூடு கட்டுகிற இந்த நாலைந்து வாரமும் நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாவரவியல் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்து வெளியே வரும்போது அக்னி நட்சத்திரம் வந்துவிடும், "வெயில்ல போகாதே" என்போம். பள்ளிக்கூட அட்டவணையை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆனால் படிக்கும் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இனி சொல்லப்போவது இந்தப் பருவத்தில் சென்னைக்கு வாய்த்த பாக்கியம். இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், இந்த வார நடுராத்திரியில், கடலிலிருந்து ஒரு பிராணி கரையேறி முட்டையிட்டுவிட்டுத் திரும்புகிறது. மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். நூல்களில் ஆலிவ் ரிட்லி. தையில் வரத் தொடங்கி பங்குனி வரை முட்டையிடும்.

1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ராமுலஸ் விட்டேகரும் சதீஷ் பாஸ்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் ஆமை தேடி இரவு நடக்கத் தொடங்கினார்கள். 1988-லிருந்து அதைக் கல்லூரி மாணவர்கள் எடுத்து நடத்துகிறார்கள், மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். பருவத்தில் ஒவ்வொரு இரவும் யாராவது நடக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை. ஒரு ராத்திரித் தூக்கம் போகும், கால் வலிக்கும்.

நடக்கும்போது தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. அலை எட்டும் ஈர மணலிலிருந்து மேலே ஏறி, ஒரு வளைவு போட்டு, மறுபடி கடலுக்கு இறங்கும் தடம். கால் வைக்கும் முறை இந்த ஆமையில் மாற்றி மாற்றி வரும். அதனால் தடத்தின் இரு பக்கக் கீறல்களும் நேருக்கு நேர் இருக்காது, ஒன்று விட்டு ஒன்று விழுந்திருக்கும். வளைவின் உச்சியில் மணல் கலைந்த ஒரு வட்டம். அங்கே மாணவர் ஒருவர் குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார். இறுகிய மணலில் குச்சி நிற்கும். முட்டைக்குழி மேல் வந்ததும் சட்டென்று இளகி உள்ளே போகும். பிறகு கையாலேயே தோண்டுவார்கள். கை ஆழமாக உள்ளே போனபின் முதல் முட்டை தட்டுப்படும். மேசைப்பந்து அளவு, வெள்ளை, ஓடு மெத்தென்று அமுங்கும். நூறு, நூற்றிருபது இருக்கும். சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் குலுக்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். 45 நாளிலிருந்து 55 நாள் கணக்கில் பொரியும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் அதிகம். வெயில் வருஷா வருஷம் கூடுவது எங்கெல்லாம் போய்த் தொடுகிறது பாருங்கள்.

முட்டையை ஏன் எடுக்க வேண்டும், இயற்கைக்கு விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். நாய் ஒரு காரணம். பெரிய காரணம் விளக்கு. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சமான திசையில் ஓடும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக இரவில் வெளிச்சமான திசை கடல்தான். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகிறது. 2025 ஜனவரியில் இதே கரையில் வளர்ந்த ஆமைகளே நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆமை கிடைக்காத ராத்திரியும் வீணில்லை. பாதி வழியில், ஒரு மணி சுமாருக்கு, நடையை நிறுத்தித் திரும்பித் தெற்கே பாருங்கள். கரை தெற்கு வடக்காக ஓடுவதால் திசை தேட வேண்டியதில்லை. அடிவானத்துக்குச் சற்று மேலே நாலு விண்மீன்கள் சிலுவை போல நிற்கும். தென்சிலுவை. லண்டன்காரரும் டெல்லிக்காரரும் இதற்காகப் பொறாமைப்பட வேண்டும். லண்டனில் அது எழுவதே இல்லை, டெல்லியில் தூசிக்குள் மறையும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். முன்னிரவிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் எட்டு மணிக்குத் தெற்கே பார்த்தால் அகத்தியர் விண்மீன் தெரியும், வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது. மொட்டை மாடியே போதும். மாடிக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டால் இன்னொன்றும் செய்யுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நடுப்பகல் பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒரு சொம்பை வெயிலில் வைத்துப் பாருங்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழல் முழுக்கச் சொம்புக்கு அடியில் போய்விடும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், தளம் சுடும்.

நேரமாகிவிட்டது. கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன, பதில் சொல்லக்கூடியது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மாடியில் துணி காயப்போடப் போனால் காக்கை தலையில் கொத்துகிறது. எங்கள் வீட்டுக்கு ஏதாவது தோஷமா?"

தோஷம் ஒன்றுமில்லை அம்மா. மாடியை ஒட்டிய மரத்தில் கூடு இருக்கிறது, அதில் குஞ்சு இருக்கிறது. உங்களைத் திருட்டு ஆசாமி என்று அது முடிவு கட்டியிருக்கிறது. மூன்று நாலு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும், அதுவரை குடை பிடித்துக்கொண்டு போங்கள். கிளையை வெட்ட வேண்டாம். முடிந்தால் அந்தக் கூட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருங்கள். வளர்ந்துவரும் குஞ்சு பெண்ணாக இருந்து உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது காக்கைக் குஞ்சு இல்லை. காக்கைக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.